கோயில் வழியே ஒரு பேரரசு

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயிலை நடுவில் வைத்து முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் ஒரு வட்டம் வரைந்தால், சோழர் வரலாற்றின் நான்கு முக்கியமான ஊர்கள் அதற்குள் அடங்கிவிடும். வடமேற்கே விருத்தாசலம், தென்கிழக்கே காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி, கிழக்கே சிதம்பரம், தெற்கே கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சாவூர் இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஆயினும் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் ராஜராஜ சோழன் எப்படி ஆண்டான் என்பதை அறிய, முதலில் நிற்க வேண்டிய இடம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில்தான்.

அக்கோயிலின் கல்வெட்டொன்று ராஜராஜன் அரியணை ஏறிய இரண்டாம் ஆண்டைச் சேர்ந்தது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று அந்நாளில் வழங்கிய அவ்வூரின் சபைக்கு மன்னன் அனுப்பிய ஆணை அதில் இடம்பெற்றுள்ளது. மன்னனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. பிரமாதிராசன் என்னும் உயர்பட்டம் தாங்கிய அதிகாரிகளும் அவர்களில் உண்டு. அவர்களுடைய உறவினரின் நிலங்களும் மனைகளும் பறிமுதலாகி விலைக்கு வந்தன. வாங்கியவர் அவற்றைக் கோயிலுக்கே அறமாக அளித்தார்.

ஓர் அரச கொலையின் கணக்கு படைவீட்டிலோ சிறையிலோ அல்ல, ஊர்ச் சபையின் ஏட்டிலும் கோயிலின் கல்லிலும் முடித்துவைக்கப்பட்டது. பழி தீர்ந்தது, சபை மன்னனின் ஆணைக்குச் சாட்சியானது, கோயிலுக்கு நிலம் சேர்ந்தது. இந்த மூன்றையும் ஒரே ஆணையில் இணைத்த கைதான், இருபதாண்டுகளுக்குப் பின் தஞ்சையில் இதே வேலையைப் பெரும் அளவில் செய்தது.

சுந்தர சோழனுக்கும் மலையமான் குலத்து வானவன் மாதேவிக்கும் பிறந்தவன் அருமொழிவர்மன். பிறந்த நாள் ஐப்பசிச் சதயம். தந்தை இறந்தபோது தாய் உடன்கட்டை ஏறினாள்; பால் மறவாத குழந்தையை விட்டுச் சென்றாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. அண்ணன் கொல்லப்பட்டிருந்தான். நாட்டு மக்கள் அருமொழியையே அரசனாக்க விரும்பினர் என்றும், சிற்றப்பன் முறையான உத்தம சோழனுக்கு அரசுரிமையில் நாட்டம் இருந்ததால் இவன் விலகி நின்றான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அச்செப்பேடு ராஜராஜனின் மகன் காலத்தில் எழுதப்பட்டது. வென்ற கிளையின் வாக்குமூலம் அது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். எப்படியாயினும், உரிமை இருந்தும் அரியணைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவன் அவன். 985-இல் அது கிடைத்தபோது அவன் முதிர்ந்த இளைஞன்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவன் கண்முன் ஒரு பெரும்பணி நடந்துகொண்டிருந்தது. உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி இளமையிலேயே கணவரை இழந்தவர். ஊர் ஊராகச் சென்று செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் 981 வாக்கில் அவரால் கல்லாயிற்று. கோயில் கல்லாகும்போது பழைய சாசனங்கள் படியெடுக்கப்பட்டன. நிலங்கள் மீண்டும் அளக்கப்பட்டன. அறக்கட்டளைகள் ஒழுங்கு பெற்றன. பக்திப் பணி என்று மட்டுமே அதைச் சொல்வது அந்த அம்மையாரின் நிர்வாகத் திறனைக் குறைத்து மதிப்பிடுவதாகும். படை எடுக்காமலேயே ஓர் ஊரைச் சோழ அரசின் வட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதைப் பேரன் முறையான அருமொழி இந்தப் பாட்டியிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ராஜராஜனின் போர்களைப் பற்றிப் பலரும் நிறையவே எழுதியிருப்பதால் இங்கே சுருக்கமாகக் கடந்துவிடலாம். சேரரும் பாண்டியரும் பணிந்தனர். கங்கபாடியும் நுளம்பபாடியும் வீழ்ந்தன. ஈழத்தின் வடபகுதி மும்முடிச் சோழ மண்டலமாயிற்று, பொலன்னறுவை சனநாதமங்கலமாயிற்று, அநுராதபுரம் அழிந்தது. வேங்கி நாட்டை வாளாலும், மகள் குந்தவையை அந்நாட்டு இளவரசன் விமலாதித்தனுக்கு மணம் செய்வித்தும் தன்பக்கம் சேர்த்தான். இந்த வெற்றிகளை ஒரே வரிசையில் சொல்லும் மெய்க்கீர்த்தியைக் கல்வெட்டுகளின் தலைப்பில் பொறிக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவனும் அவனே. ஒரு விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தியானாலும், முதலில் மன்னனின் வெற்றிகளைப் பொறித்துவிட்டே பின்பு ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசின் குரல் ஊர்தோறும் ஒலிக்க, கோயில் சுவரைவிடச் சிறந்த இடம் அன்று வேறில்லை.

போர்களைவிட நம் கவனத்துக்கு உரியது, 1001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த நில அளவைதான். உலகளந்தான் என்று பட்டம் பெற்ற அதிகாரியின் தலைமையில் அது நடந்தது. வேலியின் பின்னங்கள் மேலும் பின்னங்களாகப் பகுக்கப்பட்டு, ஒரு வேலியில் ஐயாயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு வரை தஞ்சைக் கல்வெட்டுகளில் கணக்கு காட்டப்பட்டுள்ளது. நிலத்தில் இவ்வளவு நுட்பமாகக் கோல் பிடித்திருக்க முடியாது. அது எழுத்துக் கணக்கின் நுட்பம். ஆனால் அந்தக் கணக்கு கையில் வந்த பிறகு எந்த ஊரில் எவ்வளவு விளையும், அதில் எவ்வளவு தரவேண்டும் என்பது அரசுக்குத் தெரிந்துவிட்டது. ஆற்றுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்புகள் வளநாடுகளாகப் பிரிக்கப்பட்டு மன்னனின் பட்டப்பெயர்களைத் தாங்கின. பழைய நாட்டுத் தலைவர்களின் குலப்பெயர்கள் வரிக்கணக்கில் பின்வரிசைக்குச் சென்றன.

அளந்ததன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. உக்கல் கல்வெட்டில் அவனது 24-ஆம் ஆட்சியாண்டின் ஆணையொன்று இருக்கிறது. 16-ஆம் ஆண்டிலிருந்து 23-ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் இரண்டாண்டு நிறைந்தும் இறை செலுத்தாதோரின் நிலங்களை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பிராமணர் ஊர்களும் வைகானசர் ஊர்களும் சமணர் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. பொற்காலம் என்று மேடைகளில் பேசப்படும் அதே ஆண்டுகளில், வரி கட்ட முடியாமலோ கட்ட மறுத்தோ நிலம் இழந்தவர்கள் இருந்தார்கள். பெரிய கோயிலின் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளும் இவைதான்.

ராஜராஜீசுவரம் என்று மன்னன் தன் பெயரையே சூட்டிய அந்தக் கோயிலின் விமானம் ஏறத்தாழ 200 அடிக்கு மேல் உயர்ந்தது. அதற்கு முன் சோழ நாட்டில் அதில் பாதி உயரத்துக்குக்கூட ஒரு விமானம் இருந்ததில்லை. 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கப் பொற்கலசத்தை மன்னன் கொடுத்தான். அடுத்த ஆண்டு, தான் கொடுத்ததையும், தன் அக்காள் குந்தவை கொடுத்ததையும், தன் தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்திலேயே கல்லில் வெட்டும்படி ஆணையிட்டான். கொடையாளரின் வரிசையில் தனக்கு அடுத்த இடத்தைத் தமக்கைக்குத் தந்தான் என்பது பலரும் வியந்து சொல்லும் செய்தி. கொடுத்த ஒவ்வொன்றும் எடை, எண்ணிக்கை, விலையுடன் பொது இடத்தில் எழுதப்பட்டதும் அதே அளவுக்கு வியப்புக்குரியது. எழுதப்பட்ட கொடையைத் திரும்பப் பெறுவது மன்னனுக்கே அரிது.

கொடையின் அளவு பெரிது. மன்னன் மட்டும் அளித்த பொன் 40,000 கழஞ்சுக்கு மேல். சேரனையும் பாண்டியனையும் வென்று கைப்பற்றிய செல்வத்திலிருந்து செய்த வெள்ளிக் கலங்கள் தனிக் கணக்கு. சோழ மண்டலத்தில் மட்டுமன்றி, பாண்டிநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, ஈழம் ஆகியவற்றிலும் ஊர்கள் விடப்பட்டன. நிலங்களிலிருந்து ஆண்டுதோறும் வரவேண்டிய நெல் ஏறத்தாழ 1,16,000 கலம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த நெல்லை அளக்க ஆடவல்லான் என்னும் மரக்கால். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல். கூத்தபிரானின் பெயரில் அளவைகள் வந்தபோது, அந்த அளவையை ஏற்காத ஊர் இறைவனையே ஏற்காத ஊர் என்றாகிவிடும்.

பணம் கருவூலத்தில் உறங்கவில்லை. கோயிலுக்கு வந்த காசு ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. வட்டி காசுக்கு அரைக்கால் காசு, இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. வட்டியைக் காசாகவோ நெல்லாகவோ தஞ்சைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று இடையர்களிடம் கால்நடைகள் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். ஆடு சாகலாம், மூப்படையலாம், நெய் நிற்கக்கூடாது. கோயிலுக்கு மெய்க்காவலர்களை அனுப்பும் பொறுப்பு ஊர்களுக்கு. அவர்களுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் கொடுக்க வேண்டியதும் அந்தந்த ஊர்களே. கருவூலக் காப்பாளரும் கணக்கரும் சபைகளிலிருந்து வந்தார்கள். படைப்பிரிவுகளுக்குப் பரிவார தெய்வங்களின் பராமரிப்பில் பங்கு கிடைத்தது. சேனாபதி கிருஷ்ணன் ராமன் திருச்சுற்று மாளிகையை எடுத்தான். கோயில் நிர்வாகி ஆதித்தன் சூரியன் நாயன்மார்களின் செப்புத் திருமேனிகளோடு மன்னனுக்கும் தேவிக்கும் படிமம் செய்துவைத்தான். தச்சனுக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்றும், நாவிதனுக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்றும் பட்டங்கள் கிடைத்தன. பேரரசில் மன்னனோடு ஏதேனும் ஒரு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஊரே இல்லை என்னும் நிலையை உண்டாக்குவதுதான் இதன் நோக்கம். அதற்கான கணக்கு அலுவலகமாகப் பெரிய கோயில் நின்றது.

இதே ஆண்டுகளில், ராஜராஜனின் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு மன்னன் ஜெர்மனியில் ஏறக்குறைய இதையே செய்துகொண்டிருந்தான் என்பது வரலாற்றின் சுவையான தற்செயல்களில் ஒன்று. இரண்டாம் ஹென்றி 1002-இல் அரசனானான். அங்கே கோமகன்கள் பரம்பரையாக நிலம் ஆண்டனர். மன்னனுக்கு எதிராக அடிக்கடி எழுந்தனர். ஆயர்களுக்குச் சட்டப்படியான வாரிசு இல்லை. ஓர் ஆயர் இறந்தால் பதவியும் நிலமும் மன்னன் கைக்குத் திரும்பும். தனக்கு வேண்டியவரை அவன் அமர்த்தலாம். முதலாம் ஓட்டோ தன் தம்பி புரூனோவைக் கொலோன் நகரின் பேராயராக்கி இந்த வழியைத் திறந்திருந்தான். ஹென்றி அதை மேலும் நெருக்கிப் பிடித்தான். 1007-இல் பாம்பெர்க் நகரில் புதிய மறைமாவட்டம் கண்டான். தன் எல்லை குறைவதால் அண்டை ஆயர் முரண்டு பிடித்தபோது, பிராங்க்பர்ட் ஆயர் மன்றத்தின் முன் மன்னன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து இசைவு பெற்றான். அப்பேராலயம் 1012-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. தஞ்சையில் கலசம் ஏறி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒப்புமை இத்துடன் நின்றுவிடுகிறது. ஆயர் ஒரு மனிதர். அவருக்கு மேலே ரோமில் ஒரு தலைவர் இருந்தார். மன்னன் அமர்த்தினாலும் அவர் யாருடைய ஆள் என்ற கேள்வி என்றாவது எழுந்தே தீரும். ராஜராஜன் நிலத்தை அளித்தது தெய்வத்துக்கு. கோயில்களுக்கெல்லாம் மேலே நின்று மன்னனைத் தட்டிக்கேட்கும் தலைமைக் குருபீடம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்ததில்லை. ஆகவே ஹென்றிக்கு நேர்ந்த வகையில் யார் முன்னும் விழுந்து இசைவு கேட்கவேண்டிய தேவை தஞ்சை மன்னனுக்கு எழவில்லை.

குருமாரிடமிருந்து எதிர்ப்பே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அதன் நினைவு சிதம்பரத்துக் கதையில் இருக்கிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்று அந்தணர் சொன்னார்கள். மன்னன் மூவரின் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறந்தான் என்று பிற்காலத்துத் திருமுறை வரலாறு சொல்கிறது. கதை மரபுக்கு உரியது. ஆனால் தஞ்சையில் திருப்பதியம் பாட 48 பேரையும் உடன் வாசிக்க இருவரையும் நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வைத்தது கல்வெட்டுச் செய்தி. தமிழ்ப் பாடலைப் பூட்டிலிருந்து மீட்டவன் என்ற புகழ் அவனுக்கு வந்து சேர்ந்ததற்கு இது போதுமான காரணம்.

சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட இம்மன்னன், ஸ்ரீவிஜய நாட்டு அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை விட்டுக்கொடுத்தான். அதன் வருவாய் 8,900 கலம் நெல்லுக்கு மேல் என்று லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. கடல் வணிகத்துக்கு அந்த விகாரம் தேவைப்பட்டது. தமக்கை குந்தவையோ தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் தனித்தனிக் கோயில்கள் கண்டாள். அநுராதபுரத்தில் பௌத்த நகரம் அழிந்ததையும், நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் நிலம் பெற்றதையும் ஒரே மன்னனின் செயல்களாக அருகருகே வைத்துப் பார்க்க நம்மில் பலர் தயங்குகிறோம். சமயப் பொறை என்று ஒன்றையும் சமய வெறி என்று மற்றொன்றையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு வழக்காடுகிறோம். இரண்டிலும் அரசின் தேவையே முன்னின்றது. பக்தி பொய் என்பதல்ல இதன் பொருள். பக்தியையும் ஆட்சியையும் பிரித்தறியும் கோடு அவன் மனத்தில் இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் மிகுதியாக இடம்பெயர்ந்தவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள். சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 பெண்கள் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். திருவாரூரிலிருந்து, பழையாறையிலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து என ஒவ்வொருவரும் வந்த ஊரும் கோயிலும் பதிவாகியுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கும் உண்டு. மொத்தம் 40,000 கலம். கோயிலின் நெல் வருவாயில் மூன்றிலொன்றுக்கு மேல். கலைக்கு இவ்வளவு செலவிட்ட அரசு உலகில் அரிது என்று பாராட்டலாம், பாராட்டவும் வேண்டும். அதே சமயம், ஆணை பிறந்ததும் 400 பெண்கள் ஊரையும் உறவையும் விட்டு வரவேண்டியிருந்தது. அவர்களை இழந்த கோயில்களும் நூற்றுக்குச் சற்றேறக்குறைய வரும். பங்குக்கு உரியவர் இறந்தாலோ நாட்டைவிட்டுச் சென்றாலோ அவருடைய அடுத்த உறவினர் அப்பணியைச் செய்யவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுள்ளவரைத் தேடி அமர்த்தவேண்டும். வேலை உறுதி, கூலி உறுதி. விலகும் உரிமைதான் தெளிவாக இல்லை.

1012-இல் மகன் ராஜேந்திரன் ஆட்சியில் பங்கேற்றான். 1014-இல் ராஜராஜன் மறைந்தான். அதே ஆண்டில்தான் ஹென்றி ரோமில் பேரரசனாக முடிசூடிக்கொண்டான். அவனுக்குப் பிள்ளையில்லை; பத்தாண்டுகளில் அவன் குலம் முடிந்தது. அவன் வளர்த்த ஆயர் முறையோ அதன்பின் அரை நூற்றாண்டில் போப்புக்கும் மன்னனுக்கும் இடையே பெரும்பூசலாக வெடித்தது. 1077-இல் நான்காம் ஹென்றி கனோசாக் கோட்டை வாயிலில் பனியில் காத்துநின்றான். தஞ்சையில் ஆபத்து வேறு வடிவில், வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பி வென்று, ஸ்ரீமுஷ்ணத்துக்குத் தெற்கே புதிய தலைநகரையும், தந்தையின் விமானத்துக்குச் சற்றே குறைந்த உயரத்தில் புதிய கோயிலையும் எழுப்பினான். மன்னன் ஒருவனின் பெயரோடு இறுகக் கட்டப்பட்ட கோயில், அவன் மகனின் கவனம் வேறிடம் சென்றதும் தளரத் தொடங்கியது. ராஜராஜன், ராஜேந்திரன் காலங்களோடு ஒப்பிட்டால், பிற்காலச் சோழர் கொடைகள் பெரிய கோயிலின் சுவர்களில் மிகக் குறைவு. சிதம்பரமும் திருவாரூரும் மேலும் மேலும் பெருகின. அவை எந்த ஒரு மன்னனின் பெயரையும் நம்பி நிற்கவில்லை.

முறை மட்டும் அழியவில்லை. பாண்டியரும் விஜயநகரத்தாரும் நாயக்கர்களும் அதைக் கைக்கொண்டார்கள். புதிய ஆட்சியாளன் வந்தால் கோயிலில் மண்டபம் எடுப்பான், ஊர் விடுவான், பரிவட்டம் பெறுவான். ஸ்ரீமுஷ்ணத்தில் குதிரை வீரர்கள் தாங்கி நிற்கும் நாயக்கர் காலத் தூண்கள் அந்த வழக்கத்தின் பிற்கால முகங்கள். மாசி மகத்துக்குப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது வழியில் இஸ்லாமியர் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். தர்காவுக்குப் பெருமாளின் மரியாதை போகிறது. மன்னர்கள் யாரும் மிஞ்சாத காலத்திலும் கோயில் மரியாதை ஊர்களை இணைத்துக்கொண்டிருக்கிறது.

தஞ்சையில் தளிச்சேரித் தெருக்கள் இன்று இல்லை. அங்கே வாழ்ந்தவர்களின் பட்டியல் கோயிலின் வடக்குத் திருச்சுற்றுச் சுவரின் வெளிப்புறத்தில் இருக்கிறது. எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள் என்று சொல்லிவிட்டு, நக்கன் என்னும் முன்னொட்டோடு ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பங்கு ஒன்று என்று எழுதியிருக்கிறது.